மஞ்சள் வைத்த ஸ்டெப்னி

அத்தியாயம் 4

"ஸ்டெப்னிம்மா, ஸ்டெப்னி!" என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டுச் சிரித்தார் ஏட்டு முத்திருளன். "ஆம்பளைங்க பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னு ஒனக்கு நான் வேற வெளக்கணுமா? வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி மாதிரி, வீட்டுக்காரிக்கும் ஒரு ஸ்டெப்னி. நாலு நாள் போனா மவராசன் தானா வந்து நிப்பான். போய்ச் சோத்தப் பொங்கி வையி."

பவதாரிணிக்கு அந்த மனுஷன் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல இருந்தது. போடவில்லை. மடியில் இருந்த பிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் அவள் புருஷன் அருண்பாண்டியின் இன்சுலின் இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து காலையும் ராத்திரியும் ஊசி போட்டே உயிரைப் பிடித்து வைத்திருக்கிறவன் அவன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, ராத்திரி ஊசிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று தன் குட்டியானை மினி லாரியில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு அழகர்கோவிலுக்குக் கிளம்பினான். இன்றைக்குப் புதன்கிழமை. மணி பத்தரை. டாக்டரம்மா போனிலேயே சொல்லிவிட்டார்: இன்று சாயங்காலத்துக்குள் ஊசி ஏறவில்லை என்றால் அப்புறம் ஆளைக் கண்டுபிடித்தும் பிரயோசனம் இல்லை.

"ஓடிப்போறவரு ஊசிய விட்டுட்டா சார் ஓடுவாரு?" என்றாள்.

"எல்லா ஊர்லயும் மெடிக்கல் இருக்கும்மா."

பக்கத்து பெஞ்சில் இருந்த சூரியபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். ஒத்தக்கடைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவன், அருண்பாண்டிக்குப் பத்து வருஷச் சிநேகிதன். அவன் போனுக்குத்தான் திங்கட்கிழமை பத்து மணிக்கு அருண்பாண்டியின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. நேற்று இங்கே ஸ்டேஷனில், சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன் என்று மென்று விழுங்கி, கடைசியில் போட்டுக் காட்டினான். இப்போது ஏட்டு கேட்டதும் மறுபடியும் போட்டான்.

'மாப்ள, ஸ்டெப்னிய அழகர்கோவில்ல விட்டுட்டு வாரேன். பவாவுக்குத் தெரிஞ்சா கொன்னுபுடுவா. நீ ஒண்ணும் சொல்லிக்கிறாத.'

அருண்பாண்டியின் குரலேதான். சிரித்துக்கொண்டு வேறு பேசியிருந்தான்.

"என்னால நம்பவே முடியல தங்கச்சி," என்றான் சூரியபிரகாஷ், கண் கலங்கி. "எங்கிட்டகூட அவ யாருன்னு சொன்னதில்ல. சரி, வந்தது வந்துபோச்சு. நீ ஒரு கையெழுத்தப் போட்டு வண்டிய எடுத்துரு. வெயில்ல கெடந்து வீணாப்போகுது. நானே ஓட்டிட்டு வந்து வீட்ல நிப்பாட்டுறேன்."

வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. கோவில் வாகன நிறுத்தத்தில் ஒரு நாளாக ஆள் இல்லாமல் நின்றதைக் கண்டு யாரோ சொல்ல, நேற்று மத்தியானம் போலீஸ் கொண்டுவந்து போட்டிருந்தது.

அந்த வண்டியைத்தான் இப்போது ஒரு அம்மாள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ஒல்லி உடம்பு, ஐம்பது வயது, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பெயர் அன்னக்கொடி. விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்சூரன்சுக்காகப் பார்வையிடும் வேலையில் இருபது வருஷம் இருந்தவள். அதை உதறிவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். ஸ்டேஷன் கைவிரித்ததும் நேற்று அந்த மாடிப்படியில்தான் பவதாரிணி ஏறினாள். வேறு போக்கிடம்?

அன்னக்கொடிக்கு உதவியாள் விருமாண்டி. நூற்றிப் பத்து கிலோ. உடம்பில் ஓய்வே இல்லாத ஒரே உறுப்பு வாய்.

"அக்கா, வண்டி எங்கயும் ஓடிப்போகாது. ஓட்டுனவன்தான் ஓடிட்டானாம்," என்றான்.

"படு," என்றாள் அன்னக்கொடி.

"என்னது?"

"வண்டிக்கு அடியில படுத்து ஸ்டெப்னி இருக்கான்னு பாரு."

"நான் படுத்தா வண்டியத் தூக்கித்தான் என்னைய எடுக்கணும்." சொல்லிக்கொண்டே படுத்துப் பார்த்தான். "காலி. மாட்டுற கம்பி மட்டும் தொங்குது."

அன்னக்கொடி பவதாரிணியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். சூரியபிரகாஷ் ஏட்டோடு பேசிக்கொண்டு உள்ளேயே இருந்தான்.

"ஏம்மா, சக்கரத்துக்கெல்லாம் பொட்டு வச்சது நீதானா?"

"ஆமாக்கா. ஞாயித்துக்கெழம அமாவாசை. வண்டியக் கழுவி நான்தான் வச்சேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எல்லாத்துக்கும் ஒரே பொட்டா?"

இரண்டு நாளாகப் பவதாரிணி எதையுமே பார்க்கவில்லை. கண் திறந்திருந்ததே ஒழிய ஒன்றும் உள்ளே போகவில்லை. இப்போது பார்த்தாள். பின்னால் இரண்டு சக்கரத்திலும் சந்தனம், நடுவில் குங்குமம். முன்னால் வலது சக்கரத்திலும் அப்படியே. முன்னால் இடது சக்கரத்தில் வெறும் மஞ்சள்.

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இது ஸ்டெப்னி! சந்தனம் தீந்துபோச்சுன்னு ஸ்டெப்னிக்கு மட்டும் மஞ்சளக் கொழச்சு வச்சேன். அடியில படுத்துக்கிட்டு வச்சேன். அதுக்குப்போய் எதுக்குடி பொட்டுன்னு அவரு சிரிச்சாரு."

"அப்ப ஸ்டெப்னி வண்டியிலதான் இருக்கு."

"இங்கதான் இருக்கு!"

"பொறகு எதை விட்டுட்டு வாரேன்னு சொன்னாரு உம் புருஷன்?"

விருமாண்டி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவனுடைய முப்பது வருஷ டிரைவர் மூளை முதல் தடவையாக அன்றைக்கு ஸ்டார்ட் ஆனது. "அக்கா! பஞ்சர் ஆச்சுன்னா ஸ்டெப்னிய எடுத்து மாட்டுவோம். கழட்டுன டயரு அப்ப ஸ்டெப்னி ஆயிரும்ல? எடம் மாறுனா பேரும் மாறும். சபையில மாலை மாத்துற மாதிரி!"

"அதத்தான் அவரு பஞ்சர் கடையில விட்டுட்டுப் போயிருக்காரு. ஸ்டெப்னின்னா ஸ்டெப்னிதான். பொம்பளை இல்ல." அன்னக்கொடி கண்ணாடியைத் துடைத்தாள். "ஆனா ஒண்ணு இடிக்குது. டயரக் கடையில விட்டா பொண்டாட்டி எதுக்குக் கொல்லணும்?"

அதற்குப் பதில் பவதாரிணியிடம்தான் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரிங் ரோட்டில் அவள் அண்ணன் பஞ்சரான வேனோடு, ஸ்டெப்னி இல்லாமல், எவனாவது உதவிக்கு வருவானா என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தான். வந்தது லாரி. அன்றிலிருந்து ஸ்டெப்னி இல்லாமல் வண்டி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அருண்பாண்டி அதை ஒரு நாளும் மீறியதில்லை. திங்கட்கிழமை ஒரே ஒரு அரை நாள், ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டினான். அது தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்று சிரித்தான். அவ்வளவுதான் அந்தப் பெரிய ரகசியம்.

"பாவி நான்," என்றாள். "நேத்து ராத்திரி ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நானும் நம்பிட்டேன்க்கா."

"அழுறத அப்பறம் வச்சுக்கலாம். ஏறு."

விருமாண்டியின் வண்டி பழைய ஷேர் வேன். குட்டியானைக்கு உடன்பிறப்பு. அதே எஞ்சின், அதே சக்கரம், மேலே மட்டும் கூண்டும் சீட்டும். ஏறும்போது பவதாரிணி பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்: "அண்ணே, ஸ்டெப்னி இருக்கா?"

"எனக்கு எதுக்கும்மா ஸ்டெப்னி? வீட்ல இருக்குற ஒண்ணையே சமாளிக்க முடியல..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல தங்கச்சி. அந்த எடத்துல டிபன் கேரியர் வச்சிருக்கேன்."

* * *

அழகர்கோவில் சாலையில் பஞ்சர் கடைகள் நாலு. மூன்றில் கையை விரித்தார்கள். நாலாவது கடை புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. கடைக்காரி இருளாயி, நாற்பது வயது, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் ஸ்பேனர்.

"தேங்கா வண்டிக்காரருதானே? ஆமா, திங்கக்கெழம பத்து மணிக்கு டயர விட்டுட்டுப் போனாரு. நல்லாப் பேசுனாரு. பொண்டாட்டிக்குப் பயந்த மனுசன்." பவதாரிணியைப் பார்த்தாள். "நீதானா அது?"

"டயரு எங்க?" என்றாள் அன்னக்கொடி.

"அத ஏன் கேக்குறீக! நேத்துக் காலையில ஒருத்தன் வந்தான். தலையில ஹெல்மெட்டு, அதுக்குள்ள கர்ச்சீப்பு. மூஞ்சியே தெரியல. மூடியக் காட்டுனான், டயரக் குடுத்துட்டேன்."

"மூடியா?"

இருளாயி பெருமையாக விளக்கினாள். அவள் கடையில் சீட்டு எழுதுகிற வழக்கம் கிடையாது. டயரை விட்டுப் போகிறவர் கையில், காற்றடிக்கிற வால்வின் மூடியைக் கழற்றி, ஆணியால் ஒரு கீறல் கீறிக் கொடுத்துவிடுவாள். மூடியோடு வந்தால் டயர். மூடி இல்லாமல் முதல்மந்திரியே வந்தாலும் கிடையாது.

"அப்பறம்?"

"அப்பறம்தான் கூத்து! டயர பைக்குல ஏத்திட்டுப் போவான்னு பாத்தா, அந்தா அந்தப் புளியமரத்தடியிலயே போட்டான். டயர் நெம்புற ரெண்டு லிவர எடுத்தான். மெஷினு இல்ல, ஒண்ணுமில்ல, மூணே நிமிசத்துல டயர ரிம்ம விட்டுப் பிரிச்சுப்புட்டான். நானே அஞ்சு நிமிசம் எடுப்பேன்! உள்ள கைய விட்டுத் தடவுனான். ஒண்ணும் இல்ல. கெட்ட வார்த்தையில வஞ்சிட்டு, எல்லாத்தையும் வீசிட்டுப் போயிட்டான். டயரு என்ன பாவம் பண்ணுச்சு? நான்தான் எடுத்து மாட்டிக் காத்தடிச்சு வச்சிருக்கேன்."

"ஓடிப்போன பொண்ண டயருக்குள்ள தேடிருக்கான் போல," என்றான் விருமாண்டி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

இருளாயி ஒரு டப்பாவைத் துழாவி, கறுப்பாக, பட்டாணி அளவில் ஒன்றை எடுத்துப் பவதாரிணியின் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கீறல் போட்ட மூடி. அருண்பாண்டியின் சட்டைப்பையில் இருந்திருக்க வேண்டிய மூடி. அதைக் கொண்டுவந்தவன் அவனைப் பார்த்திருக்கிறான், தொட்டிருக்கிறான், பையில் கை விட்டிருக்கிறான். பவதாரிணி அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, யாரு அவன்? என்ன வேணும் அவனுக்கு?"

அன்னக்கொடி சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவனுக்கு ஸ்டெப்னி வேணும். திங்கக்கெழமைக்கு முன்னாடி வண்டிக்கு அடியில தொங்குன ஸ்டெப்னி. அதுக்குள்ள எதையோ ஒளிச்சு வச்சிருக்கான். யாரும் கழட்டாத சக்கரம், பொண்டாட்டி காவல் காக்குற சக்கரம், அதவிடப் பத்திரமான எடம் எது? அழகர்கோவில்ல ஸ்டெப்னிய விட்டுட்டேன்னு சேதி கேட்டதும் அடிச்சுப் புடிச்சு வந்திருக்கான். உம் புருஷன மடக்கி மூடியப் பிடுங்கிருக்கான். ஆனா அவனுக்குக் கெடச்சது மாத்துன டயரு. சரக்கு இருக்குறது மஞ்சப் பொட்டு வச்ச சக்கரத்துல. அது இப்ப போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது."

"சேதியக் கேட்டதும்னா..." விருமாண்டி நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "அக்கா, சேதியக் கேட்டது ஒரே ஆளுதானே?"

"மெஷின் இல்லாம மூணு நிமிசத்துல டயரப் பிரிக்கிற கை. பத்து வருசமா பஞ்சர் கடை. ஸ்டெப்னின்னா நமக்கெல்லாம் ஆயிரம் அர்த்தம் தோணலாம்டா. ஒரு டயர்க்காரன் காதுல மட்டும் டயரு விழாம பொம்பளையா விழும்?"

பவதாரிணி எழுந்து நின்றாள். பிரகாஷ் அண்ணன். கல்யாணத்தில் அருண்பாண்டிக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். இரண்டு நாளாகக் கூடவே அலைந்து டீ வாங்கிக் கொடுத்தவன். வண்டிய எடுத்துரு தங்கச்சி, நானே ஓட்டிட்டு வாரேன் என்று காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை சொன்னவன். கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான், நாசமாய்ப் போகிறவன்!

"இப்பவே போயி அவன் சட்டையப் புடிச்சு..."

"புடிச்சா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்பான். அவன் வாயத் தொறக்க வைக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். உங்கிட்ட அம்புட்டு நேரம் இருக்கா?"

பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது. மணி பன்னிரண்டரை.

"வண்டி கையில கெடச்சா, ஆளு கண்ணுல படாத எடத்துக்குக் கொண்டுபோய்த்தான் அந்தச் சக்கரத்தப் பிரிப்பான்," என்றாள் அன்னக்கொடி. "உம் புருஷன ஒளிச்சு வச்சிருக்குற எடமும் அதுவாத்தான் இருக்கணும். ரெண்டு மறைவிடம் வச்சுக்க அவன் ஒண்ணும் பெரிய கொள்ளைக்காரன் இல்ல. அதனால வண்டிய நீயே அவங்கிட்டக் குடுக்கணும். நம்புறமாதிரி குடுக்கணும். முடியுமா?"

"தப்பாப்போச்சுன்னா?"

"தப்பாப்போகலாம்," என்றாள் அன்னக்கொடி. பொய் சொல்லித் தேற்றவில்லை.

கிளம்பும்போது இருளாயியிடம் சொல்லி அந்த டயரை வேனில் ஏற்றிக்கொண்டாள். "மூடிதான் வந்துருச்சே, எடுத்துட்டுப் போங்க," என்றாள் இருளாயி.

* * *

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் அன்னக்கொடி ஏட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் நாலு வார்த்தை சொன்னாள். முத்திருளனின் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கியதைப் பவதாரிணி தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு பவதாரிணி சூரியபிரகாஷ் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி." குரல் உடைந்தது. நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "எவ கூடயோ போயிட்டாரு. எனக்கு வண்டியப் பாக்கவே புடிக்கல. நீங்களே கொண்டுபோங்க."

பெற்ற தாய் சொன்னாலும் ஏற்காத பழியைத் தன் வாயாலேயே புருஷன் மேல் போட்டாள். மூடி அவள் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. சாவியை வாங்கும்போது சூரியபிரகாஷின் விரல் அவள் கையில் பட்டது. அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் போல இருந்தது.

"கவலப்படாத தங்கச்சி, அண்ணன் இருக்கேன்ல," என்றான்.

குட்டியானை வாசலைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பினால் மதுரை, வீடு. அது வலது பக்கம் திரும்பியது, மேலூரைப் பார்த்து.

"ஆளக் கூட்டிக்கிட்டுக் கொஞ்சம் பின்னாடி பைக்குல வாரோம், வழியப் போன்ல சொல்லுங்க," என்றார் ஏட்டு. பவதாரிணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

விருமாண்டி இரண்டு பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி ஓட்டினான். மேலூர் தாண்டி, திருவாதவூர் சாலையில் திரும்பி, வயலும் கண்மாயுமாக வெயில் கொளுத்துகிற வெட்டவெளியில் மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்கள். படார் என்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போய் நின்றது.

பின் சக்கரம் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. முன்னால் குட்டியானை ஒரு புள்ளியாகித் திருப்பத்தில் மறைந்தது.

விருமாண்டி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். "நான் உருப்படுவேனா! டிபன் கேரியர் வச்சேனே அந்த எடத்துல! தங்கச்சி, என்னயச் செருப்பால அடி!"

பவதாரிணி அவனைக் கவனிக்கவில்லை. அவள் ஏற்கெனவே இறங்கி, பின்கதவைத் திறந்து, அருண்பாண்டியின் டயரை உருட்டிக்கொண்டிருந்தாள். "அதே ரிம்முதானேண்ணே? ஜாக்கி எங்க?"

அண்ணன் செத்த வருஷமே அவள் சக்கரம் மாற்றப் பழகியிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி ரோட்டில் மண்டியிட்டாள். தார் முழங்காலைச் சுட்டது. ஒரு நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தாள். "கழண்டு வாடா, கழண்டு வாடா," என்று அதோடு பேசினாள். அன்னக்கொடி பிளாஸ்க்கைத் தன் முந்தானையால் மூடி நிழலில் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு நிமிஷம். கடைசியில் அந்தக் கறுப்பு மூடியை வால்வில் திருகிவிட்டு ஏறினாள்.

திருப்பத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. தார் ரோடு நேராகப் போனது. மண் பாதை ஒன்று கண்மாய்க் கரையோரம் மாந்தோப்புக்குள் போனது. குட்டியானையைக் காணவில்லை.

"போச்சு," என்றாள் பவதாரிணி. "போச்சுக்கா. எல்லாம் போச்சு."

அன்னக்கொடி இறங்கி மண் பாதை திரும்புகிற இடத்தில் குனிந்தாள். திருப்பத்தில் நாலு சக்கரத்தின் தடமும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தது. மூன்று தடம் மொழுக்கென்று இருந்தது. ஒன்றில் மட்டும் கோடு கோடாகப் புது டயரின் வரிகள்.

"வழுக்கை மூணு, முடி உள்ளது ஒண்ணு," என்றான் விருமாண்டி எட்டிப் பார்த்து. "தேயாத டயரு! ஸ்டெப்னிதான் அக்கா!"

* * *

தோப்புக்கு நடுவில் பம்புசெட் ரூம். அதன் முன்னால் குட்டியானை, முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. மஞ்சள் வைத்த சக்கரம் தரையில் கிடந்தது. சூரியபிரகாஷ் அதன் மேல் குனிந்து, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் லிவரைச் செருகி நெம்பி, உள்ளே கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் மூன்று பேர் நடந்து வந்தது அவனுக்குக் கேட்கவில்லை.

அன்னக்கொடி பின்னாலிருந்து குனிந்து லிவரைச் சட்டென்று உருவினாள்.

நெம்பி வைத்த டயர் மடார் என்று ரிம்மில் போய் உட்கார்ந்தது, நாலு விரலையும் உள்ளே வைத்துக்கொண்டு. தோப்பே அதிரக் கத்தினான் சூரியபிரகாஷ்.

"இப்ப சொல்லு மாப்ள," என்று விருமாண்டி அந்தச் சக்கரத்தின் மேலேயே வசதியாக உட்கார்ந்தான். "ஸ்டெப்னின்னா என்ன அர்த்தம்?"

சூரியபிரகாஷின் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு பவதாரிணி ரூமுக்கு ஓடினாள். பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்றது. மூன்றாவது தடவைதான் நுழைந்தது. கதவு திறந்ததும் உரச் சாக்குகளுக்கு நடுவில், கைகால் கட்டோடு, அருண்பாண்டி கிடந்தான். உதடு வெடித்திருந்தது. மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, ஓடிவந்தவன் மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது.

"மாமா! மாமா, நான்தான்!"

கண் திறக்கவில்லை. கட்டை அறுத்தாள். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த அளவை எடுத்து வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியைப் போட்டாள். பத்து நிமிஷம் முந்தி நட்டோடு மல்லுக்கு நின்று கிரீஸ் ஏறிய கை இப்போது ஆடவில்லை. உதட்டைத் தண்ணீரால் நனைத்தாள். எப்படியாவது விழுங்கு, எப்படியாவது விழுங்கு என்று அவன் தாடையைத் தடவினாள். ஒரு மிடறு இறங்கியது.

வெளியே ஏட்டு வந்துவிட்டிருந்தார். டயரைப் பிரித்து விரலையும், உள்பக்கம் ரப்பர் பட்டை வைத்து ஒட்டியிருந்த ஒரு துணிப் பொட்டலத்தையும் எடுத்தார்கள். பதினொரு தாலிச் சங்கிலி. பதினைந்து நாளுக்கு முந்தி சித்திரைத் திருவிழா நெரிசலில் பதினொரு பொம்பளைகள் கழுத்திலிருந்து அறுத்தது. தினமும் அதை அடியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், அருண்பாண்டி தேங்காய் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"அம்மா," என்றார் முத்திருளன் பவதாரிணியிடம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழியில் நின்றார்.

"தள்ளுங்க சார்," என்றாள்.

வேனின் நீள சீட்டில் அருண்பாண்டியைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரிக்கு அன்னக்கொடி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். விருமாண்டி ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. மதுரை இன்னும் இருபது கிலோமீட்டர். பவதாரிணியின் கண் ரோட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு ஜல்லியும், ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் அவளுக்குத் தெரிந்தது. கை அவன் நாடியில் இருந்தது.

ஒத்தக்கடை நெரிசலில் வேன் குலுங்கியபோது அவன் கண் ஒரு கோடு அளவு திறந்தது.

"பவா... அவன் 'ஸ்டெப்னி எங்க'ன்னுதான் கேட்டான். கடையிலன்னேன். பொய்யில்லையே..."

"பேசாத மாமா. சத்தியமா பேசாத."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். குனிந்து காதை வைத்தால்தான் கேட்டது.

"நம்ம வண்டியா இது?"

"இல்ல. விருமாண்டி அண்ணன் வண்டி. உன் டயருதான் பின்னாடி ஓடுது."

"அப்ப... ஸ்டெப்னி?"

"இல்ல மாமா. ஸ்டெப்னி இல்லாமத்தான் வாரோம்."

வெடித்த உதடு மெதுவாக ஒரு பக்கம் கோணியது. சிரிப்புதான் அது.

"கொன்னுபுடுவேன்டி," என்றான்.

இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கேதான், அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவில், வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.